தலையில்லாப் பேய் ஆகாயத்துக்குப் போன ஆடி மாதம்

போன வாரம் என் மகள் வீட்டில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பேய்ப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ வெளிநாட்டுப் படம், தமிழ்ப் பேச்சுப் போட்டது. அதில் சாகிறவனுக்கும் சிரிப்பு வருகிறது, சாகடிக்கிற பேய்க்கும் சிரிப்பு வருகிறது. முதல் பாகத்தில் வீட்டுக்குள் கிடந்த பேய், நாலாம் பாகத்தில் ராக்கெட் ஏறிவிட்டது. ராக்கெட் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், தகர டப்பாதான். மருமகன் சொன்னார், "கதை தீந்து போச்சுன்னா ஆகாயத்துக்கு அனுப்பிருவாங்க அத்தை. உலகம் பூரா இதே வழக்கம்தான்."

நம் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும். வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து ஊர்ப்பொதுவில் மண்ணில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் நாம். எங்கள் ஊரிலும் ஒரு பேய்ப் படம் மூன்று பாகம் வந்தது. மூன்றாம் பாகத்தில் பேய் ஆகாயத்துக்குப் போனது. கதை தீர்ந்ததால் அல்ல. கீழே எந்த ஊரும் அதை உள்ளே விடவில்லை, அதனால் போனது. போன இடத்தில் நிஜமாகவே அருவாள் விழுந்தது.

என் சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி, அருப்புக்கோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் கடையில் வேலை பார்த்தார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கேமராவும் சும்மா கிடக்கும், சித்தப்பாவும் சும்மா கிடப்பார். இரண்டு சும்மாவும் சேர்ந்து பிறந்ததுதான் அந்தப் படம். கடைக்காரர் கேமராவைத் துண்டில் சுற்றிப் பிள்ளையைக் கொடுப்பது மாதிரி கொடுத்தனுப்புவார். திருச்சுழி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்குவார் சித்தப்பா.

முதல் பாகத்தின் கதை இதுதான். தலையில்லாத பேய் ஒன்று ஊருக்குள் வந்து வீடு வீடாகக் கேட்கிறது, "எந்தலையைப் பாத்தீகளா?" ஒருத்தி பூசணிக்காயைக் கொடுக்கிறாள். ஒருவன் அடி ஓட்டையான அண்டாவைக் கொடுக்கிறான். பொருந்தவில்லை. ஆத்திரத்தில் பேய் அவர்களை வெட்டுகிறது. வெட்டுப்பட்டவர்கள் ரத்தம் ஒழுக எழுந்து நின்று, "அது புடிக்கலையா, அப்ப இதப் பாருங்க" என்று வேறொன்றை நீட்டுகிறார்கள். அப்புறம் திரும்பவும் வெட்டு. ரத்தத்துக்குச் சாயப்பட்டறையிலிருந்து நூலுக்குப் போடும் சிவப்புச் சாயத்தைச் சித்தப்பா வாளியில் வாங்கி வருவார். புளித்த வாடை அடிக்கும். சேலையில் சாயம் போகாது என்றுதானே அருப்புக்கோட்டைச் சேலைக்குப் பேர். எங்கள் மேலிலும் போகவில்லை. நடித்தவர்கள் பல நாள் சிவந்த கழுத்தோடு திரிந்தார்கள்.

பேய் வேஷம் சித்தப்பாவே போட்டார். மூங்கில் குச்சியைத் தோள் மாதிரி வளைத்து உச்சந்தலையில் கட்டிக்கொள்வார். அதன்மேல் பெரிய சட்டையை மாட்டிக் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டால் சட்டைக்குள் தலை மறைந்துவிடும். பொத்தான் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நடப்பார். அவர் முகம் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பயமாக இருக்கும்.

ஊரே விழுந்து விழுந்து சிரித்த அந்தப் படத்துக்கு என் அப்பா சிரிக்கவில்லை. படம் ஓடிய மறுநாள் காலை, மாடு கட்டும் கயிற்றை இரட்டையாக மடித்துச் சித்தப்பாவை முதுகு பிளக்க அடித்தார். சித்தப்பா கையைக்கூடத் தூக்கித் தடுக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் அம்மாவிடம் வந்து, "மதினி, கொஞ்சம் வேப்பெண்ணெய் இருக்கா" என்று கேட்டார்.

"செத்த அண்ணனை வச்சுச் சிரிப்புக் காட்டுனா, அடிக்காம கொஞ்சுவாகளாய்யா?" என்றாள் அம்மா.

விஷயம் இதுதான். நான் பிறக்கும் முன்பே என் பெரியப்பா கம்மாயில் வெட்டுப்பட்டுச் செத்தார். எங்கள் கம்மாய்க்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் உண்டு. மறுகரை என்றுதான் சொல்வோம், பேரைச் சொல்வதில்லை. மடைத் தண்ணீர்த் தகராறு. பெரியப்பாவின் உடல் கம்மாய்க்கு நடுவில் கிடந்தது, தலை அங்கே இல்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சித்தப்பாதான் இடுப்புத் தண்ணீரில் காலால் துழாவித் தேடினாராம். அவர் காலில்தான் தட்டியதாம். மறுகரையில் ஊர்ப் பெரிய மனிதராக ஒருவர் இருந்தார். மறுகரைப் பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மேல் வழக்கு நடந்தது. பார்த்தேன் என்று சொல்ல ஆள் இல்லாமல் விடுதலையாகி வந்துவிட்டார்.

அப்பா அப்போதிலிருந்து ஒரே வார்த்தைதான் சொல்வார். "அவந்தான் வெட்டுனான்னு எவனாவது ஒருத்தன் வாயத் தொறந்து சொல்லட்டும். அன்னிக்கே கணக்கு முடிஞ்சது." சொல்லிவிட்டு அருவாளைச் சாணைக்கல்லில் தீட்டுவார். எங்கள் வீட்டில் விறகு வெட்டவும் தேங்காய் உடைக்கவும் வேறு அருவாள் உண்டு. அது மட்டும் எந்த வேலைக்கும் எடுக்கப்படாமல் பளபளவென்று இருக்கும்.

அண்ணன் தலையைத் தேடிய பிள்ளை பெரியவனாகி, தலை தேடும் பேயைப் படமாக எடுத்தான். வெட்டுப்பட்டவர்கள் எல்லோரும் எழுந்து நிற்கிற மாதிரி எடுத்தான். அவனுக்கு வெட்கமில்லை என்றார் அப்பா. புத்தி பிசகிவிட்டது என்றாள் அம்மா. எனக்கு இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் பாகம் மார்கழியில் வந்தது. அதில் பேய்க்கு ஒரு போலீஸ்காரர் தலை கிடைத்து, அந்தத் தலை பேயையே கைது செய்துவிடும். அந்தப் படம் ஓடிய பத்துப் பதினைந்து நாளில் மாடுகளுக்கு வாய்ப்புண் வந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் நட்டநடு வீதியில் தலைமயிரை விரித்துப்போட்டு ஆடினாள். ஆடிக்கொண்டே கேட்டாள், "எந்தலையைப் பாத்தீகளா?" படத்து வசனம். அதே இழுப்பு.

ஊர் கூடியது. சித்தப்பாவை நடுவில் நிறுத்தினார்கள். எல்லைச்சாமி கோயில் பூசாரி விபூதித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"அது நடிப்பு சாமி. சட்டைக்குள்ள நாந்தானே இருந்தேன்," என்றார் சித்தப்பா.

"நடிப்புன்னு நமக்குத் தெரியும். பேய்க்குத் தெரியுமாடா?" என்றார் பூசாரி.

இனிமேல் ஊர் எல்லைக்குள் பேய் கால் வைக்கக் கூடாது, படத்தில்கூட வைக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பரளச்சிப் பக்கம் போனார், காரியாபட்டிப் பக்கம் போனார். எல்லா ஊரிலும் எல்லைச்சாமி உண்டு. எல்லா ஊர்ப் பூசாரியும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "உங்க ஊருலயே வேண்டாம்னு வெரட்டுன பேயை எங்க எல்லைக்குள்ள எதுக்குப்பா கூட்டியார?" அலைந்து அலைந்து, முகமெல்லாம் புழுதியாக ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்து, அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"மதினி, ஆகாயத்துக்கு எல்லை இருக்கா?"

"எனக்கென்னய்யா தெரியும்."

"இல்ல. ஆகாயத்துக்குப் பூசாரியும் இல்ல. மூணாம் பாகம் ஆகாயத்துல."

இப்படித்தான் போனது பேய். பூமியில் எங்கு தேடியும் தலை இல்லை, அது சந்திரனில் இருக்கிறது என்று கதை. ஆனால் ஆகாயத்தையும் பூமியில் ஓர் இடத்தில் வைத்துத்தானே எடுக்க வேண்டும். அந்த இடத்தையும் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

எங்கள் பக்கம் எல்லை கட்டுவது என்று ஒன்று உண்டு. சாமி கும்பிடும்போது கிடாய் வெட்டி, அந்த ரத்தத்தில் சோற்றைப் பிசைந்து, ஊரைச் சுற்றி எறிந்துகொண்டே வருவார் பூசாரி. சோறு விழுந்த கோட்டுக்கு உள்ளே சாமி காவல். பெரியப்பா செத்ததிலிருந்து கம்மாய் நடுவில் ஒரு பட்டை நிலத்துக்கு இரண்டு ஊரும் சோறு எறிவதில்லை. எங்கள் பூசாரி இந்தப் பக்கத்தோடு நின்றுவிடுவார். அவர்கள் பூசாரி அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுவார். நடுவில் கிடந்த பட்டை எந்தச் சாமிக்கும் சேராத இடம். ஆடு மேய்க்கிறவர்கள்கூட அதைச் சுற்றித்தான் ஓட்டுவார்கள். பெரியப்பா உடல் கிடந்ததும் அங்கேதான்.

"அதுதான் ஆகாயம்," என்றார் சித்தப்பா.

அடுத்து வந்த ஆடியில் கம்மாய் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. கரிசல் மண் தட்டுத் தட்டாக வெடித்து, வெடிப்பில் என் முழங்கால் வரை போகும். ஆடிக் காற்று புழுதியைக் கிளப்பும். கரையில் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். மூட்டத்தின் புகை தரையோடு தரையாக இழைந்து வரும். கேமராக் கண்ணில் என்னைப் பார்க்க விட்டார் சித்தப்பா. நிஜமாகவே அது நம் ஊர் இல்லை.

ராக்கெட்டுக்கு, ரோடு போட்டவர்கள் விட்டுப்போன இரண்டு தார் டின். மேலே வெள்ளிச் சாயம். ராக்கெட்டில் போகிறவர் லைட்டு மாமா. கடையில் சித்தப்பாவோடு வேலை பார்த்தவர், கல்யாண வீட்டில் விளக்குப் பிடிக்கிறவர், அதனால் அந்தப் பேர். அவர் மறுகரைப் பெரியவரின் ஒரே மகன். எங்கள் வீட்டில் இது அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவர் இங்கே நடிக்க வருவது மறுகரையில் யாருக்கும் தெரியாது. "டவுனுல வேலை" என்று வீட்டில் சொல்லிவிட்டு, கருவை மறைவாகச் சைக்கிளை உருட்டி வருவார். உரச் சாக்கில் தைத்த உடுப்பு அவருக்கு. தலைக்கு எங்கள் வீட்டு நீலப் பிளாஸ்டிக் குடம். முகத்துக்கு நேரே சதுரமாக வெட்டிக் கண்ணாடித் தாள் ஒட்டியது. குடம் போனது தெரிந்த அன்று அம்மா விளக்குமாற்றால் சித்தப்பாவை வீதி முக்குவரை விரட்டி அடித்தாள்.

"கொடம் இல்லாம தண்ணிக்கு நான் எதுல போவேன், ஒங்க பேய் மண்டையிலயா?"

"பேய்க்கு மண்டை இல்லையே மதினி," என்று சொல்லி இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டார்.

நான் சந்திரனில் இருக்கும் பெண்பிள்ளை. மேலெல்லாம் ஜிகினா. ஆகாயத்தில் உடம்புக்குக் கனம் கிடையாது என்று சித்தப்பா எங்கேயோ கேள்விப்பட்டு வந்திருந்தார். அதைக் காட்டுவதற்காக, வறண்ட கிணற்றின் உருளைக் கட்டையில் கயிறு போட்டு, இடுப்பில் கட்டி என்னைத் தொங்கவிட்டார்கள். கீழே பாறை. அந்தப் பாறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு சித்தப்பா படம் எடுக்கிறார். மேலே கயிற்றைப் பிடித்திருப்பது லைட்டு மாமா ஒருவர்தான். "சிரி தாயி, நல்லா சிரி, நீ மிதக்கிற" என்று சித்தப்பா கீழிருந்து சத்தம் கொடுக்கிறார். சிரித்தேன். இன்றைக்கு என் பேத்தி நாற்காலியில் ஏறினாலே ஓடிப்போய் இறக்கிவிடுகிறேன். அன்று அந்தக் கயிறு அறுந்திருந்தால் என்று ஒரு பெரியவருக்கும் தோன்றவில்லை. மறுகரைக்காரன் கையில் எங்கள் வீட்டுப் பிள்ளையின் உயிர் தொங்கியது என்பதும் எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

கடைசிக் காட்சியை ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில் எடுத்தார்கள். அப்பா ஆடு பிடிக்கக் காரியாபட்டிச் சந்தைக்குப் போயிருந்தார். சந்திரனில் குடத்தோடு நிற்கிற லைட்டு மாமாவைப் பார்த்துப் பேய், "உருண்டைத் தலை, நல்லாருக்கு" என்று ஆசைப்பட்டு வெட்ட வேண்டும். கேமராவை முக்காலியில் நிறுத்தி ஓடவிட்டார் சித்தப்பா. அட்டையில் வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டிய அருவாளை ஓங்கினார். லைட்டு மாமா விழுந்தார். ஒரு வாளிச் சாயமும் அவர் மேலேதான் கொட்டியிருந்தது. சாயம் வெடிப்புக்குள் இறங்கி ஓடியது. நான் தார் டின்மேல் உட்கார்ந்து அழ வேண்டும். அழுதுகொண்டிருந்தேன்.

அப்போது மறுகரைக் கரைமேல் ஒரு பெண் வந்து நின்றாள். லைட்டு மாமாவின் அம்மா. தப்பிப்போன ஆட்டைத் தேடி வந்தவள். அவள் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கருவையில் சாய்ந்திருக்கும் மகனின் சைக்கிள். எல்லைச் சோறு விழாத பட்டை. அங்கே ரத்தக் களரியாகக் கிடக்கும் ஓர் உடல். அதன்மேல் அருவாளோடு நிற்கும், தலையில்லாத ஆள். நம் ஆட்கள் யாராக இருந்தாலும், அங்கே வெட்டுப்பட்டவர் பழிவாங்க வந்துவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். அவள் சத்தம் போடவில்லை. திரும்பி ஓடினாள்.

சித்தப்பா அவளைக் கவனிக்கவில்லை. சட்டைக்குள் இருந்தவருக்குப் பொத்தான் இடுக்கு அளவுதான் உலகம். வெட்டிய பேய் குடத்தை எடுத்துப் பொருத்திப் பார்க்கும் இடத்தில் கொஞ்சம் குழப்பம். குடம் லைட்டு மாமா தலையில் இறுகிவிட்டது, கழற்ற வரவில்லை. "இருங்க, ஆட்டாதீக, காது அறுகுது" என்று உள்ளேயிருந்து முனகினார் அவர். "செத்தவன் பேசாம கெடப்பா" என்றார் சித்தப்பா. நான் சிரித்துவிட்டேன். அப்போதுதான் கரையிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள்.

ஏழெட்டுப் பேர் இருக்கும். முன்னால் மறுகரைப் பெரியவர். வேட்டியை வரிந்து கட்டி, கையில் அருவாள். மற்றவர்கள் தலையில்லாத உருவத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் மட்டும் நிற்கவில்லை. புழுதியில் கால் பதியப் பதிய நேரே வந்தார். முகம் கோபமாக இல்லை. பயந்த முகம். பயந்துகொண்டே வந்து, இரண்டு கையாலும் அருவாளை ஓங்கி, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இறக்கினார். இறக்கும்போது சொன்னார்,

"ஒரு தடவ வெட்டுனது பத்தலையாடா ஒனக்கு."

நான் அவருக்கு நாலு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். தெளிவாகக் கேட்டேன்.

வெட்டு, பொய்த் தோளில் விழுந்தது. மூங்கில் சிதறியது. அருவாள் வழுக்கி, சித்தப்பா தூக்கிய இடது கையில் இறங்கியது. இரண்டு விரல்கள் மண்ணில் கிடந்தன. சாயம் பளீரென்று சிவப்பு. இது வேறு நிறம், கறுப்பாக இருந்தது. கரிசல் மண் அதை உடனே குடித்துவிட்டது. கிழிந்த சட்டைக்குள்ளிருந்து சித்தப்பாவின் தலை வெளியே வந்தது. முகமெல்லாம் வேர்வை.

"இருக்கேன், நான் இருக்கேன்," என்றார். யாருக்குச் சொன்னாரோ.

அந்தச் சத்தத்தில் லைட்டு மாமா எழுந்தார். உச்சி முதல் கால் வரை சிவப்பு, தலைக்கு நீலக் குடம். உள்ளேயிருந்து "அப்பா, அப்பா" என்று அவர் கூப்பிட்டது குடத்தில் முட்டி, பூதம் கத்துவது மாதிரி வந்தது. மறுகரை ஆட்கள் கலைந்து ஓடினார்கள். ஒருவர் வேட்டியை விட்டுவிட்டே ஓடினார். பெரியவர் ஓடவில்லை. அருவாளைப் போட்டுவிட்டு மகன்மேல் பாய்ந்து குடத்தைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. குடத்தைத் தரையோடு மோதினார், கையால் அறைந்தார், காலை ஊன்றி இழுத்தார். குடத்தோடு மகனும் சேர்ந்து இழுபட்டு, இருவருமாக வெடிப்பு நிலத்தில் வட்டமடித்தார்கள். மகன் உள்ளே "காது, காது" என்கிறார். அப்பன் வெளியே, "உசுரோட இருக்கியாடா, பேசுடா" என்கிறார்.

சித்தப்பா வெட்டுப்பட்ட கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துபோய், கேமராவை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில், மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டும் மிஷினில் கை மாட்டிவிட்டது என்று எழுதவைத்தார். போலீஸ் கேட்டதற்கும் அதேதான். அப்பாவுக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா? ஓடிப்போன ஆட்களே ஊர் ஊராகச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டோடு கிடந்த தம்பியைக் கன்னத்தில் அறைந்தார். "எங்கண்ணனுக்குச் சாட்சி இல்ல. ஒனக்கு நீயே சாட்சி, நீயும் சொல்ல மாட்டேங்கிற. அப்ப நான் என்னடா பண்ண?" அடித்த கையாலேயே தம்பிக்குத் தண்ணீரும் ஊட்டினார்.

அப்பா, தம்பியின் கைக்காகப் பெரியவரை வெட்டுவாரா என்பது எனக்குத் தெரியாது. அண்ணனுக்காக வெட்டுவார். அதற்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அந்த வார்த்தை என் காதில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பா காதிலும் இருந்தது. கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ஆனால் இன்னொன்றும் அதைக் கேட்டிருந்தது.

கட்டுப் பிரித்ததும் சித்தப்பா கடையில் உட்கார்ந்து படத்தை முடித்தார். ஒன்றரைக் கையோடு முடித்தார். ஊரில் போட முடியாது என்பதால், டவுனில் பருத்தி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில், ஞாயிறு பகல், கதவை அடைத்துவிட்டு மூன்றாம் பாகம் போடுவதாகச் சொல்லி இரண்டு ஊருக்கும் ஆள் அனுப்பினார். வர மாட்டார்கள் என்று நினைத்தோம். வெட்டு நிஜமாகவே விழுந்த படம் என்று தெரிந்தபின் வராமல் இருப்பார்களா? பஸ்ஸில் இடமில்லை.

கிளம்பும் முன் அப்பா முற்றத்தில் கோரைப்பாயை விரித்து, அந்த அருவாளை அதில் வைத்துச் சுருட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா, கேமராவுல சத்தமும் பதியும்ல?" என்று கேட்டார்.

"பதியும்ப்பா."

"வெட்டும்போது அவன் ஏதோ வாயசைச்சான்னு அந்த ஊருக்காரனே சொல்றான். என்னன்னு நம்ம காதால கேட்டுருவோம்."

கிட்டங்கிக்குள் பருத்தித் தூசி மூக்கை அரித்தது. மேலே ஓட்டுப் பிரிவு வழியாக ஒரு வெயில் கம்பி மட்டும் இறங்கியது. முன்னால் டிவியும் டெக்கும். எங்கள் ஊர் ஒரு பக்கம், மறுகரை ஒரு பக்கம். மறுகரைப் பெரியவர் நடுப்பாதை ஓரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன், கழுத்திலும் காதோரத்திலும் சிவப்பு இன்னும் போகாமல். அப்பா பார்த்துப் பார்த்து, பெரியவருக்கு நேர் பின்னால் போய்ப் பாயைக் கிடத்தினார். விரிக்கவில்லை. அவர் உட்காரும் முன் நான் அந்தச் சுருட்டுமேல் உட்கார்ந்துவிட்டேன். அருவாளின் முதுகு என் தொடைக்கடியில் உறுத்தியது.

"எந்திரி," என்றார் அப்பா.

"தரை சுடுது."

படம் தொடங்கிவிட்டது. கிணற்றில் நான் மிதந்தேன். பின்னாலிருந்து பெண்கள் "அய்யோ, பிள்ள" என்றார்கள். ராக்கெட் புகை விட்டது, கரிமூட்டப் புகை. அப்பாவின் உள்ளங்கை என் முதுகுக்குப் பின்னால் பாயின்மேல் இருந்தது. திரையில் லைட்டு மாமா விழுந்தார். "செத்தவன் பேசாம கெடப்பா" வந்தது. கிட்டங்கி குலுங்கியது. அப்புறம் திரையில் கரையிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். சிரிப்பு அறுந்து போனது. எங்களுக்கு முன்னால் மறுகரைப் பெரியவரின் முதுகு, ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி சுருங்கியது. அவருக்குத் தெரியும், தான் என்ன சொன்னோம் என்று. திரையில் அவர் நடந்து வந்தார். கிட்டே வந்தார். அருவாள் மேலே போனது. அப்பாவின் விரல்கள் பாயின் சுருட்டுக்குள் நுழைந்தன. திரையில் அந்த வாய் திறந்தது.

"டிக்கெட் எடுக்காம ஆகாயத்துக்கு வாரயாடா நீயி?"

பெரியவர் வாயில் சித்தப்பாவின் குரல். பஸ் கண்டக்டர் மாதிரி, மூக்கால், எரிச்சலாக. வெட்டு விழுந்தது. கிழிந்த சட்டைக்குள்ளிருந்து சித்தப்பாவின் தலை வெளியே வந்து, "இருக்கேன், நான் இருக்கேன்" என்றது. அந்த இடத்தில் அவர் குரல் மாற்றவில்லை. அது அன்று சொன்னதேதான். அப்பா முன்னால் சாய்ந்து பார்த்தார். அதற்குள் திரையில் குடம் எழுந்து நின்றது, வேட்டி இல்லாதவர் ஓடினார். "பூமிக்குப் போற கடைசி பஸ்ஸு, ஓடியா ஓடியா" என்றது கண்டக்டர் குரல். பெரியவர் குடத்தைப் பிடித்து இழுத்தார். மகன் சுற்றினார். அவர் அறைந்தார், மகன் சுற்றினார். "ஏய்யா, பெரியவரே, லக்கேஜை இப்படி இழுக்கப்படாது" என்றது குரல்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அப்புறம் நிற்கவில்லை. வேட்டியை விட்டவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் முதுகுக்குப் பின்னால் பாய் நடுங்கியது. திரும்பிப் பார்த்தேன். என் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்து அடக்கப் பார்க்கிறார், வயிறு கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் ஓடியது. அவர் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பாய்க்குள் நுழைந்த கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுகரைப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை முகத்தில் போட்டு மூடிக்கொண்டு, படம் முடியும் வரை எடுக்கவில்லை.

கதவு திறந்து வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. செருப்புக் குவியலில் எல்லோரும் இடித்துக்கொண்டு தேடினார்கள். அப்பா என்னிடம் பாயைக் கொடுத்துவிட்டுச் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நின்றேன். மறுகரைப் பெரியவர் என்னருகே வந்தார். கண் சிவந்திருந்தது.

"குடு தாயி. நான் தூக்கியாரேன்."

அப்பா நிமிர்ந்தார். "வேண்டாம். அது கனம்."

"பரவாயில்ல," என்று வாங்கிவிட்டார்.

வாங்கியதும் அவர் கை கொஞ்சம் இறங்கியது. பாயின் கனம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியும். ஒரு பக்கம் மட்டும் கனக்கிற பாயைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன? என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் பாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். அப்பா பின்னால் நடந்தார். பஸ் ஸ்டாண்டு வரை அப்படியே போனார்கள்.

திருச்சுழி பஸ் நின்றுகொண்டிருந்தது. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெரியவர் படியேறி உள்ளே வந்து, தூங்குகிற பிள்ளையைப் படுக்கவைப்பது மாதிரி, பாயை அப்பாவின் மடியில் வைத்தார்.

"பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போங்க," என்றார்.

அப்பா இரண்டு கையாலும் பாயைப் பிடித்துக்கொண்டார். "ம்," என்றார்.

பெரியவர் இறங்கி, எங்கள் ஜன்னலுக்கு நேரே வெயிலில் நின்றார். பஸ் உறுமி நகரும் வரை போகவில்லை. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வலப்பக்கம், இடப்பக்கம், பின்பக்கம் என்று நிதானமாக, முழுக் கழுத்தையும்.